எல்லைக்கோடும் வட்டையும்: ஏறாவூர்ப் பிரதேசம் பற்றி ஒரு மறுப்புரை

ஏறாவூரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் ஒன்றையே தொடக்கமாகக் கொள்கின்றனர். 'ஏறாவூர், முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஒரு வர்த்தக நகரம்' என்பது ஒன்று. 'ஏறாவூர்ப்பற்று, தமிழர் செறிந்து வாழும் ஒரு விவசாயப் பிரதேசம்' என்பது மற்றையது. இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் வெளியூரார் ஒருவர், ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள் இரண்டு தீவுகளில் இருப்பதாகவே எண்ணுவார். சென்ற ஆண்டு நடைபெற்ற ஒரு கருத்தரங்கிலே பேச்சாளர் ஒருவர் நகரப் பிரிவின் வரைபடத்தைத் திரையிற் காட்டி, இங்கே வயல் இல்லையாதலால் இம்மக்களுக்கு நீர்ப்பாசனப் பிரச்சினையும் இல்லை என்று கூறினார். மண்டபத்தில் எவரும் மறுக்கவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த நான் மூன்று தலைமுறையாக வேளாண்மை செய்யும் ஏறாவூர்க் குடும்பமொன்றிற் பிறந்தவன். நானும் மறுக்கவில்லை. அன்று வாய்மூடி இருந்தமைக்கு இக்கட்டுரையைப் பரிகாரமாகக் கொள்க.

அவ்விரு வாக்கியங்களும் நிலத்தைப் பார்த்து எழுதப்பட்டவையல்ல. கச்சேரியின் வரைபடத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. நிருவாக எல்லையை முதலில் வரைந்து, பின்பு அவ்வெல்லைக்குள் அடங்கும்படி வரலாற்றையும் புவியியலையும் பொருளாதாரத்தையும் வெட்டித் தைப்பது நம்மிடையே ஆய்வு என்ற பெயரோடு உலவி வருகிறது. அது ஆய்வன்று, காணி வழக்குக்கு எழுதும் முறைப்பாட்டு மனு. இந்நிலை தொடருமாயின் இப்பிரதேசத்தின் உழைக்கும் மக்கள், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தம் வாழ்வின் உண்மையான எதிரி யார் என்பதையே அறியாது போவர் என்பது என் துணிபு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டிக் கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே விரியும் வண்டல் நிலமும் காடும் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்னும் இப்பெயர்களை இட்டவர்கள் நில அளவையாளர் அல்லர்; காலையிலும் மாலையிலும் வாவியைக் கடந்தவர்கள். மணலில் தென்னை வளரும், நெல் விளையாது. ஆகவே மனிதர் எழுவான்கரையில் நெருங்கிக் குடியிருந்து படுவான்கரையில் பயிரிட்டனர். மாரிக்கு முன்னர் வாவியைக் கடந்து, வயலருகே வாடி கட்டித் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் இரவிற் காவலிருந்து, களவெட்டியிற் சூடு அடித்து முடிந்த பின்னரே ஊர் திரும்பும் வாழ்க்கை இக்கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக இருந்தது. ஏறாவூரானின் வீடு ஓரிடம், வயல் வேறிடம். வீட்டை மட்டும் படமெடுத்து, இவனுக்கு வயல் இல்லை என்று கூறுவது, மீனவனின் குடிசையைப் படமெடுத்து அவனுக்குக் கடல் இல்லை என்பதை ஒக்கும்.

இங்கு 'வட்டை' என்னும் சொல்லைக் குறிப்பிட வேண்டும். ஏனைய மாவட்ட மாணவர் இதனை அறியாதிருத்தல் கூடும். ஒன்றாக உழுது, ஒன்றாக நீர் பாய்ச்சி, ஒன்றாகக் காவல் காக்கப்படும் வயற்பரப்பு வட்டை எனப்படும். அதற்கு வட்டவிதானை ஒருவர் இருப்பார். எந்நாளில் விதைப்பது, எந்நாளுக்குள் மாடுகளை அப்புறப்படுத்துவது, எவர் வரம்பை எவர் கட்டுவது என்பன போன்ற கருமங்களை அவரே முன்னின்று நடத்துவார். ஒரே வட்டையில் தமிழரின் வயலும் முஸ்லிம்களின் வயலும் வரம்போடு வரம்பாகக் கிடந்த இடங்கள் இப்பிரதேசத்திற் பல. நீர் அவ்வரம்பிலே பெயர் கேட்டு நின்றதில்லை.

உன்னிச்சை, உறுகாமம் முதலிய குளங்களின் நீரும், மேற்கேயிருந்து வரும் முந்தேனி ஆற்றின் நீரும், நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையும் இறுதியில் வாவியை நோக்கியே வருகின்றன. வாவிக்குக் கடலோடுள்ள வாயில் மிக ஒடுங்கியது. கோடையில் மணல்மேடு அதனை அடைத்துவிடும். பெருமழைக் காலத்தில் வாவி நிரம்பி வயல்களுக்குள் ஏறும்போது 'முகத்துவாரத்தை வெட்டுக' என்று விவசாயிகள் கேட்பர். அவசரப்பட்டு வெட்டினால் நீர்மட்டம் திடீரென இறங்கி, வளர்ந்துவரும் மீனும் இறாலும் கடலோடு போகும் என்று வாவி மீனவர் அஞ்சுவர். மழை தொடங்கி வாவி நிரம்பும் ஆண்டுகளில் எல்லாம் இவ்வழக்கு எழுகிறது. இதிலே ஒரு பக்கம் தமிழர், மறுபக்கம் முஸ்லிம்கள் என்று பிரித்துக் காட்ட எந்தப் பேச்சாளராலும் இயலாது. ஏனெனில் விவசாயிகளில் இரு சாராரும் உளர். மீனவரிலும் இரு சாராரும் உளர். இப்பிரதேசத்தின் புவியியல் என்று ஒன்றை எழுத விரும்புபவர் முகத்துவாரத்திலிருந்தே தொடங்க வேண்டும். நாமோ பிரதேச செயலகப் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குகிறோம்.

கால்நடையின் கதையும் இத்தகையதே. பெரும்போகத்துக்கு வட்டைகளை உழத் தொடங்கியதும் மாடுகள் அங்கே நிற்க முடியாது. பட்டிகள் மேற்கே காட்டோரப் புல்வெளிகளுக்குச் சாய்த்துச் செல்லப்படும். அறுவடை முடிந்த பின் தாளடியை மேயத் திரும்பி வரும். மாடு மேய்ந்த வயலுக்கு எருவும் கிடைக்கும். நெல்லும் மாடும் இவ்வாறு பருவம் மாறி ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொண்டமையே இங்குள்ள வேளாண்மையின் இரகசியம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் அயல் மாவட்டங்களிலிருந்து வந்தோர் அத்துமீறிப் பயிர் செய்வதாகவும் மாடுகள் கொல்லப்படுவதாகவும் முறையிட்டு, பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டமொன்றைத் தொடங்கினர். அதனைத் 'தமிழ்ப் பண்ணையாளரின் பிரச்சினை' என்று எழுதிய பத்திரிகைகள் உண்மையிற் பாதியையே எழுதின. மேய்ச்சற்றரை பறிபோனால் பட்டி எங்கே போகும்? மாரிக்காலத்தில் வட்டைக்குள்ளேயே நிற்கும். அப்போது அழிவது எவருடைய பயிர்? செங்கலடியானுடையதும் ஏறாவூரானுடையதும் அல்லவா? இதை உணர்ந்து ஏறாவூர் நகரின் விவசாயிகள் பெருந்தொகையாகச் சித்தாண்டிக்குச் சென்றிருக்க வேண்டும். சென்றார்களா? எம்மவரிற் பலர், அது அடுத்த பிரிவின் விடயம் என்று பேசாதிருந்தனர். கோடு எங்கே வரையப்பட்டது என்பதைக் காட்ட இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை; அது வரைபடத்தில் வரையப்பட்டதன்று, மூளையில் வரையப்பட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம். மட்டக்களப்பு மான்மியம் 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா அவர்களால் பதிப்பிக்கப்பட்டது, வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. அவற்றுக்கு முன்னர் 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய நூல் உண்டு. இவை அரிய பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயின் இவற்றைத் தொடர்ந்து எழுந்த சிறு நூல்களும் மலர்க் கட்டுரைகளும் ஒரேயொரு வினாவையே நூறு விதமாகக் கேட்கின்றன: முதலில் வந்தவர் யார்?

முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போர் பற்றிய மரபுக் கதையை எடுத்துக்கொள்வோம். பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்களின் துணையோடு முக்குவர் திமிலரை வடக்கே வெருகல் வரை துரத்தினர் என்பது கதை. சத்துருவைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான், வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, சந்தித்த இடம் சந்திவெளி என்று வழிநெடுக ஊர்ப்பெயர்களுக்கு விளக்கம் கூறப்படும். துணைநின்றோர் ஏறாவூரிற் குடியமர்த்தப்பட்டனர் என்றும், அவர்கள் இவ்வூர்ப் பெண்களை மணந்தனர் என்றும் கதை முடியும். இதனையே ஒரு கட்டுரையாளர் 'நாம் இடங்கொடுத்தோம்' என்பதற்குச் சான்றாக்குவார். இன்னொருவர் 'நாம் போரிட்டுப் பெற்றோம்' என்பதற்குச் சான்றாக்குவார். கண்டி மன்னன் செனரத் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்னும் செய்தியும் இவ்வாறே இருபக்கமும் இழுபடுகிறது. 'அப்போதுதான் வந்தீர்கள்' என்பார் ஒருவர். 'அப்போதே வந்துவிட்டோம்' என்பார் மற்றவர். ஊர்ப்பெயர்களுக்கு ஒலியொப்புமை கொண்டு கட்டப்பட்ட விளக்கங்களை உறுதிப்பத்திரம் போல நீட்டும் இவ்வழக்கம் மொழியியலும் வரலாறும் கற்பிக்கப்படும் பல்கலைக்கழகங்களின் மலர்களிலும் இடம்பெறுதல் நாணத்தக்கது.

அக்கதையிற் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று. மணஉறவு பற்றிய பகுதியே அது. இக்கரையிலே தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் 'குடி' என்னும் தாய்வழி அமைப்பு உண்டு. குடி தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் முறையும் பொறுப்பும் குடிவழியாகவே வகுக்கப்பட்டன. வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் தொகுத்து வெளியிட்ட முக்குவச் சட்டம் தாய்வழி உரிமையை மையமாகக் கொண்டது. மருமக்கட் தாயம் சட்டத்தில் மறைந்தபோதும் சீதன வீட்டின் வடிவில் நிலைத்து நிற்கிறது. டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விரு சமூகங்களின் இவ்வொற்றுமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் இதனைப் பல்லாண்டு உழைத்து எழுத வேண்டியிருந்தது. நாமோ யார் முந்தி வந்தார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே தாய்வழி முறையில் வீடு கட்டி, ஒரே வட்டையில் நெல் விதைத்தோர் எவ்வாறு இரு வேறு பொருளாதாரங்களாக எழுதப்பட்டனர் என்பதல்லவா வரலாற்று மாணவனின் வினாவாக இருக்க வேண்டும்?

எல்லைக்கோடுகளின் வரலாறு வேறு. அதனை வரைந்தோர் பெரும்பாலும் இங்கே வாழ்ந்தவரல்லர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே ஒல்லாந்தர் கண்டி மன்னனிடமிருந்து கரையோரத்தைப் பெற்றபோது கரையும் உள்நாடும் ஒன்றிலிருந்து ஒன்று வெட்டப்பட்டன. பிரித்தானியர் 1833இல் கிழக்கு மாகாணத்தை வகுத்தபோது தமன்கடுவையும் பிந்தனையும் அதனுள் இருந்தன. 1873இல் தமன்கடுவை வடமத்திய மாகாணத்துக்கும், 1886இல் பிந்தனை ஊவாவுக்கும் போயின. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தைத் தொடர்ந்து 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாயிற்று. 1988இல் வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. 2006இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்தன. இன்று மட்டக்களப்பு மாவட்டம் 14 பிரதேச செயலகப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நியாயம் கூறப்பட்டது. ஒவ்வொன்றும் அதற்கு முந்திய நடமாட்டத்தை எங்கோ ஓரிடத்தில் அறுத்தது.

கோட்டுக்கு எதிராக நிற்பது பாதை. பேராதனையில் தொடங்கும் ஏ-5 பெருந்தெரு கம்பளை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் வந்து முடிகிறது. ஏறாவூரார் அதனைப் 'பதுளை வீதி' என்பர். கரையின் உப்பும் கருவாடும் தேங்காயும் மலைக்கு ஏறியதும், மலையின் பொருள்கள் கரைக்கு இறங்கியதும் இத்திசையிலேயே. தவளமாடுகளின் காலத்திலிருந்து லொறிகளின் காலம் வரை ஏறாவூர் வணிகன் வாழ்ந்தது இந்நடமாட்டத்தால். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதப் பாதை ஏறாவூரிலும் நின்று கொழும்பைக் கிட்டவாக்கியது. ஆகவே, 'ஏறாவூர் ஒரு வர்த்தக நகரம்' என்று எழுதுவோரைக் கேட்கிறேன்: எதனை விற்ற வர்த்தகம் அது? படுவான்கரையின் நெல், வாவியின் மீன், காட்டோரப் பட்டியின் பால், தயிர் இவையின்றி அந்நகரத்தின் கடைத்தெரு எதனைக் கொண்டு எழுந்தது?

இவ்விடத்திலே தமிழ்-முஸ்லிம் உறவைப் பற்றி மேடைதோறும் கூறப்படும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' உவமையையும் மறுக்க விரும்புகிறேன். நல்லெண்ணத்தோடு கூறப்படுவதுதான். ஆயினும் அவ்வுவமையைக் கூறுவோர் பிட்டுக் குழலை உற்றுப் பார்த்ததில்லை போலும். குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காகவே இருக்கின்றன. அதுமட்டுமன்று, மா யாருடையது, தேங்காயைத் துருவியவர் யார், பிட்டை உண்டவர் யார் என்ற வினாக்களை அவ்வுவமை எழவே விடுவதில்லை. போடியாரும் இருந்தார், முல்லைக்காரரும் இருந்தார். போடியாரின் ஏக்கர்க் கணக்கான வயலை முல்லைக்காரர் முன்னின்று செய்வித்தார். கூலியும் கடனும் நெல்லாகவே அளக்கப்பட்டன. போடியார்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். கடனுக்கு நெல்லை அறுவடைக்கு முன்னரே பேசி வைத்த வணிகரும் இருந்தனர். அவர்களில் எம்மூரவர் பலர் என்பதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. நெற்காணிச் சட்டம் 1958இல் வந்தபோது குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தர முனைந்தது. அதற்கு எதிராக நின்ற நிலவுடைமையாளர் இன, மத வேறுபாடு பாராட்டவில்லை. தேவை ஏற்படும்போது மேலுள்ளோர் ஒற்றுமையாக இருக்க நன்கு அறிவர்.

இன்றைய நிலையைப் பார்த்தால் போடியாரின் காலம் கழிந்துவிட்டது. அறுவடை இயந்திரம் ஒரு நாளில் வட்டையை முடித்துவிடுகிறது. சூடு இல்லை, களவெட்டி இல்லை, அவற்றை நம்பியிருந்த கூலியும் இல்லை. அறுத்த நெல் ஈரத்தோடே லொறியேறிப் பொலன்னறுவையின் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. அரிசியாகிப் பொதிகளில் அடைபட்டு ஏறாவூர்க் கடைக்குத் திரும்பி வருகிறது. நெல்லை விற்ற விவசாயியே அதனை வாங்குகிறான். களஞ்சியமும் உலர்த்தும் தளமும் முதலும் இல்லாதவன் அறுவடை வாரத்தில் வந்த விலைக்கு விற்றே ஆகவேண்டும். இதிற் சுரண்டப்படுபவன் செங்கலடியில் இருந்தாலென்ன, ஏறாவூரில் இருந்தாலென்ன? 1956இல் வாழைச்சேனையில் நிறுவப்பட்ட கடதாசி ஆலை இப்பகுதியின் வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டது. வயலிற் கழிவாகக் கிடந்தது கடதாசியாயிற்று. பல நூறு குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. போராலும் கவனிப்பின்மையாலும் அவ்வாலை நலிந்தபோது எல்லாச் சமூகத்தினரும் ஒன்றாகவே வேலை இழந்தனர். 2021இல் இரசாயன உரத்தை அரசாங்கம் தடைசெய்தபோது மஞ்சளித்த பயிர்களில் எது எந்தச் சமூகத்துப் பயிர் என்று எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இவற்றைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதப்பட்டன? ஊரின் பெயர்க்காரணம் பற்றி எத்தனை எழுதப்பட்டன? நூலகத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

'1990ஐ மறந்துவிட்டுப் பேசுகிறாய்' என்று ஒருவர் குறுக்கிடலாம். மறக்கவில்லை, எம்மூரிற் பிறந்த எவராலும் அது இயலாது. 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஏறாவூரிலும் அயற்கிராமங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய் இருந்த தமிழர்களில் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அதன் அயலிலும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். செய்தவர்கள் இராணுவத்தினரே என்பது உயிர்தப்பியவரின் சாட்சியம். இரு பக்கத்திலும் பழிவாங்கல்கள் தொடர்ந்தன. இம்மூன்று திகதிகளையும் ஒரே பக்கத்தில் எழுதிய ஊர் வரலாறு ஒன்றையும் நான் இதுவரை காணவில்லை. ஒன்றை எழுதும் மலர் மற்றவற்றை எழுதுவதில்லை.

கொலைகளுக்குப் பின் வட்டையும் செத்தது. செங்கலடிக்கு அப்பால் உள்ள கறுத்தப் பாலம் போர்க்கால எல்லையாயிற்று. அதற்கு அப்பால் ஒரு ஆட்சி, இப்பால் இன்னொன்று. எம்மூர் விவசாயிகள் பெருந்தொகையானோர் தம் வயல்களுக்குப் போக முடியாது போயினர். வயலை இழந்தவன் கடை வைத்தான், ஓட்டோ ஓட்டினான், மத்திய கிழக்குக்குப் போனான். 'ஏறாவூரார் வணிகர்' என்ற வாக்கியம் இவ்வாறுதான் மெல்ல மெல்ல உண்மையாக்கப்பட்டது. போரால் விளைந்த நிலையையே ஊரின் இயல்பென்று எழுதுவது வரலாறாகுமா?

என் மூத்தவாப்பாவுக்கு பதுளை வீதிப் பக்கம் ஐந்து ஏக்கர் வயல் இருந்தது. 1990க்குப் பின் அவர் அதனைக் கண்டதில்லை. 2007இல் குடும்பிமலை வீழ்ந்து கிழக்கில் போர் ஓய்ந்த மறு ஆண்டு, முன்னர் அவருடைய வயலைச் செய்த தமிழர் ஒருவர் எம் வீட்டுக்கு வந்தார். அவரும் தம் மகன் ஒருவரை இழந்திருந்தார். வாசலில் நின்று, "காக்கா, எல்லாம் காடு பத்திக் கிடக்கு. வரம்பு ஒண்டும் தெரியல்ல. ஆனா எங்கட வரம்பு எது எண்டு எனக்குத் தெரியும், வாங்க" என்றாராம். மூத்தவாப்பா, "உள்ளுக்கு வாங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்றாராம். உறுதியில் குறிக்கப்பட்ட எல்லைக் கற்களை எவராலும் காண முடியவில்லை. ஒரு மருதமரத்தையும் பழைய வாய்க்காலின் வளைவையும் கொண்டு அவரே நான்கு மூலையையும் காட்டிக்கொடுத்தார். பின்னர் உரிமையை உறுதிப்படுத்த ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, 'காணி உங்கள் பிரிவில் இல்லையே' என்று திருப்பியனுப்பினர். மற்றப் பிரிவின் அலுவலகத்தில், 'நீங்கள் எங்கள் பிரிவில் வதிபவர் அல்லவே' என்றனர். இந்த நடை ஆறு ஆண்டுகள் நீடித்தது. அயலவன் ஒரு காலையில் தீர்த்ததைக் கோடு ஆறு ஆண்டுகள் தீர்க்கவில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. நைஜீரியா நாட்டின் வரலாறு இதற்கொரு பெரும் பாடம். 1967 மே மாதத்தில் அங்கே இராணுவ அரசு நான்கு பிராந்தியங்களைக் கலைத்து 12 மாநிலங்களாக்கியது. சில நாட்களிலேயே பயாபிராப் பிரிவினையும், சில வாரங்களில் உள்நாட்டுப் போரும் தொடங்கின. 1976இல் மாநிலங்கள் 19 ஆயின, 1987இல் 21, 1991இல் 30, 1996இல் 36. ஒவ்வொரு சிறுபான்மைக்கும் ஒரு மாநிலம் கொடுத்தால் அமைதி வரும் என்பது கணக்கு. ஒவ்வொரு புதிய மாநிலத்துக்குள்ளும் ஒரு புதிய சிறுபான்மை பிறந்தது என்பதே விடை. கூட்டாட்சி அரசின் எண்ணெய் வருவாய் மாநிலங்களுக்கும் உள்ளூராட்சிப் பிரிவுகளுக்கும் பங்கிடப்படுவதால், புதிய கோடு என்பது புதிய பங்கு. உற்பத்தி எதனையும் பெருக்காது பங்கை மட்டும் கேட்பதற்கு எல்லை ஒரு கருவியாயிற்று.

அந்நாட்டின் ஓசுன் மாநிலத்தை நம் மாணவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1991இல் ஓயோ மாநிலத்திலிருந்து பிரிக்கப்பட்டது அது. கொக்கோ விளையும் நாடு. அங்கே இலே-இஃபே, மொடாகேகே என இரு குடியிருப்புகள் ஒட்டிக் கிடக்கின்றன. இருவரும் யொருபா மொழியினர். 19ஆம் நூற்றாண்டில் ஓயோ அரசு சிதைந்தபோது தஞ்சம் புகுந்தோரின் வழிவந்தவர்கள் மொடாகேகேயினர். இஃபேயினரின் நிலத்திற் பயிரிட்டு, விளைவில் ஒரு பங்கை வாரமாகக் கொடுத்து வந்தனர். 1978இல் நிலமெல்லாம் மாநில ஆளுநரின் பொறுப்பில் என்று சட்டம் வந்தபோது, இனி வாரம் ஏன் என்று ஒரு சாரார் கேட்டனர். நிலம் எங்களதே என்றனர் மறுசாரார். அடியிற் கிடந்தது நிலவுடைமைப் பிரச்சினை. ஆயின் 1997இல் போர் வெடித்தது எதற்காக? புதிய உள்ளூராட்சிப் பிரிவொன்றின் தலைமையகம் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதற்காக. ஓர் அலுவலகக் கட்டடத்துக்காக ஆண்டுக்கணக்கில் உயிர்களும் வீடுகளும் அழிந்தன. வாரப் பிரச்சினை அப்படியே கிடந்தது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019இல் நடந்த உண்ணாவிரதத்தையும் அதற்கு எதிராக நடந்த போராட்டத்தையும் கண்டவர்க்கு இஃபேயும் மொடாகேகேயும் தொலைவில் இல்லை. ஒரே மொழி பேசுவோரிடையே ஒரு முத்திரைக்கும் ஒரு கதிரைக்கும் எழும் பகை, நிலத்தின் வழக்கை மூடிமறைக்க எவ்வளவு உதவுகிறது!

பிரிவுகளே வேண்டாம் என்பது என் வாதமன்று. 1990ஐக் கண்ட ஊருக்குத் தன் நிருவாகம் தன் கையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அச்சத்திற் பிறந்தது, அவ்வச்சம் நியாயமானது. பிறப்புச் சான்றிதழுக்கும் நிவாரணத்துக்கும் தன் மொழியறிந்த, தன் துன்பமறிந்த அலுவலரிடம் போக விரும்புவது குற்றமுமன்று. ஆனால் அலுவலகத்தின் எல்லை வேறு, ஆற்றின் எல்லை வேறு. முதலாவதைச் சமூகங்களுக்கிடையே பங்கிடலாம். இரண்டாவதைப் பங்கிட முற்பட்டால் இருவர்க்கும் மிஞ்சுவது வெள்ளமும் வரட்சியுமே. குளம், வாய்க்கால், வட்டை, மேய்ச்சற்றரை, முகத்துவாரம் இவ்வைந்தையும் ஒருங்கே பார்க்கும் ஒரு சபை, பிரதேச எல்லைகளைக் கடந்து, விவசாயிகளையும் பண்ணையாளரையும் மீனவரையும் கொண்டு அமைய வேண்டும். ஒரு பிரிவில் வதிந்து மறு பிரிவிற் காணி வைத்திருப்போரின் உரிமைகளை ஒரே இடத்தில் விசாரிக்கும் ஒழுங்கு வேண்டும். இப்பகுதி நெல்லை இப்பகுதியிலேயே உலர்த்தி, சேமித்து, குற்றும் கூட்டுறவு ஆலைகள் வேண்டும். அரசியல்வாதிகள் இவற்றைக் கேட்கமாட்டார்கள்; இவற்றுக்கு வாக்கு இல்லை, கோட்டுக்கே வாக்கு உண்டு.

ஆகவே பல்கலைக்கழகத்தாரிடமே கேட்கிறேன். பெரும்போகத்துக்கு முன்னர் ஒவ்வொரு நீர்ப்பாசனத் திட்டத்துக்கும் ஆரம்பக் கூட்டம் ஒன்று நடைபெறும். எந்நாளில் நீர் திறப்பது, எவ்வகை நெல்லை விதைப்பது, எத்திகதிக்குள் மாடுகளை அகற்றுவது என்பன அங்கே தீர்மானிக்கப்படும். தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் இன்றும் ஒரே பாயிலோ வாங்கிலோ அமர்ந்து சண்டையிட்டு முடிவு காணும் கூட்டம் அது. என் தகப்பனாரோடு சென்ற ஆண்டு நானும் போயிருந்தேன். நண்பகல் வரை வாக்குவாதம். வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வரவில்லை என்று சித்தாண்டியார் ஒருவரும் ஏறாவூரார் ஒருவரும் சேர்ந்து நின்று அதிகாரியோடு வாதிட்டனர். இக்கூட்டங்களின் குறிப்பேடுகள் எங்கோ அலுமாரிகளிற் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கும். வரலாறு, புவியியல், பொருளியல் ஆகிய மூன்று துறைகளிலிருந்தும் இரண்டிரண்டு மாணவர் முன்வந்தால், வரும் விடுமுறையில் உறுகாமத்திலிருந்தே அவற்றைத் தேடத் தொடங்கலாம். பதுளை வீதியில் தங்குமிடம் நான் ஒழுங்கு செய்வேன்.